பாதிக்கு மேல் தோற்றாலும் லாபம்!

டென்னிஸ் வீரர் ரோஜர் ஃபெடரர் 1,526 ஒற்றையர் ஆட்டங்களில் ஏறத்தாழ 80 சதவிகிதம் ஜெயித்தவர். அவற்றில் அவர் எடுத்த பாயின்ட்டுகள் எத்தனை சதவிகிதம் தெரியுமா? வெறும் 54! 2024-ல் ஒரு பட்டமளிப்பு விழாவில் அவரே சொன்ன கணக்கு இது. போன பாயின்ட்டை நினைத்துப் புலம்பாமல் அடுத்ததற்குத் தயாராவதுதான் அவர் சொன்ன பாடம்.

கண்டுபிடிப்பிலும் இதே கதைதான். எடிசன் பெயரில் அமெரிக்காவில் 1,093 காப்புரிமைகள். நம் நினைவில் நிற்பவை நாலைந்து!

சந்தையில் இதற்குப் பெயர் 'டிரெண்ட் ஃபாலோயிங்'. விலை எங்கே போகும் என்று ஜோசியம் பார்ப்பதில்லை. போகிற திசையில் கூடவே போவது. 1983-ல் சிகாகோ வர்த்தகர் ரிச்சர்ட் டென்னிஸ், விளம்பரம் கொடுத்து ஆள் எடுத்து, இரண்டே வாரத்தில் இதைக் கற்றுக்கொடுத்தார். அவர்களுக்கு 'ஆமைகள்' என்று பெயர். 20 நாள் உச்சத்தை விலை தாண்டினால் வாங்கு. 10 நாள் குறைந்த விலைக்குக் கீழே போனால் விற்றுவிடு என்பது அவர்களின் விதிகளில் ஒன்று.

பத்து முறை வாங்கி, ஏழு முறை தலா 1,000 ரூபாய் போனாலும், மூன்று முறை தலா 4,000 வந்தால் மிச்சம் 5,000 ரூபாய்.

சிக்கல் எங்கே? அந்த ஏழு தோல்வியும் வரிசையாக வரலாம். போட்டது பிள்ளையின் காலேஜ் ஃபீஸ் என்றால், நான்காவது தோல்வியிலேயே கை நடுங்கும். விதி காற்றில் பறக்கும். அதனால், போனாலும் குடும்பம் அசையாத பணத்தை மட்டுமே இதில் போடுங்கள்.