பதினைந்து பிள்ளைகள்

கள்ளிக்குடி, பேரையூர்ப் பக்கத்துக் கரிசல் பூமியில், பெரியாற்றுப் பாசனத்தின் குளிர்ச்சி எட்டாமல் வானத்தையே நம்பிப் பருத்தியும் சோளமும் விதைக்கிற ஊர்களில், 'மிலிட்டரிக்காரர் வீடு' என்று வழி கேட்பவருக்குக் கைகாட்டப்படும் வீடு ஒன்றாவது இல்லாத ஊர் அபூர்வம். அந்த வீட்டுக் கூடத்தில் சீருடையணிந்த வாலிபனின் படம் கம்பீரமாகத் தொங்கும். அவன் விடுமுறையில் வந்து இறங்கினால் தெருவே கூடி க்ஷேமம் விசாரிக்கும். ஆனால் கல்யாணமான மறுவருஷமோ, அதற்கடுத்த வருஷமோ, அவன் பின்னால் கறுப்பு இரும்புப் பெட்டிகளோடு ரயிலேறிப் போன பெண் அந்தக் கண்காணாத சீமையில் எப்படி உலை வைத்தாள், யாரோடு பேசினாள், பிள்ளைகளை எந்தப் பாஷையில் வளர்த்தாள் என்பதை நாம் கேட்டறிந்ததில்லை. இது நெடுநாளாக என் மனத்தை உறுத்தி வரும் விஷயம்.

என் தங்கை மகள் அப்படிப் போனவர்களில் ஒருத்தி. வெலிங்டனில் பயிற்சி பெற்று மதராஸ் ரெஜிமென்ட்டில் சேர்ந்த மாப்பிள்ளைக்குக் குவார்ட்டர்ஸ் முறை வருவதற்கே இரண்டு வருஷம் ஆயிற்று. முறை வந்த இடம் பதான்கோட். மாமியார் புளியும் மிளகாய் வற்றலும் கறிவடகமும் சுண்டை வற்றலும் மூட்டை மூட்டையாகக் கட்டிக் கொடுக்க, பெட்டியின் மேல் வெள்ளைப் பெயின்டால் கணவனின் எண்ணும் பதவியும் பெயரும் எழுதியிருக்க, மதுரைக்கு வடக்கே திண்டுக்கல்லைத் தாண்டி அறியாத அந்தப் பெண், சென்னையில் வண்டி மாறி, மூன்றாம் நாள் காலையில், தன் பாஷையில் ஒரு வார்த்தைகூடக் காதில் விழாத நடைமேடையில் இறங்கினாள்.

அவள் முதன்முதலில் எனக்குப் போன் செய்து சொன்ன குறை, "மாமா, இங்க மாவு புளிக்கவே மாட்டேங்குது" என்பது. அற்ப விஷயமாகத் தோன்றலாம். ஆனால் பிறந்த வீட்டில் ராத்திரி கரைத்து வைத்த மாவு விடியும்போது பொங்கி நிற்பதைச் சூரியோதயம்போல் இயல்பாக எண்ணி வளர்ந்தவளுக்கு, மார்கழிக் குளிரில் இரண்டு நாளாகியும் கரைத்தபடியே கிடக்கும் மாவுப் பாத்திரம், தான் எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்பதை வேறெந்தப் பூகோளப் படத்தைக் காட்டிலும் தெளிவாக உணர்த்தியிருக்கும். எதிர் வீட்டுக் கர்வால் தேசத்துப் பெண்மணிதான் அந்தப் பாத்திரத்தைப் பஞ்சு ரஜாயில் சுற்றி வைக்கச் சொல்லிக் கொடுத்தாளாம். அன்று தொடங்கிய சிநேகத்தில் இட்லி அங்கே போயிற்று, கடுகுக் கீரையும் மக்காச்சோள ரொட்டியும் இங்கே வந்தன. கடுகெண்ணெயின் காரநெடி ஆறு மாதத்தில் பழகிற்று. ஹிந்தி, காய்கறி வண்டிக்காரனிடமும் தண்ணீர்க் குழாயடியிலும் படிந்தது. ஊரில் 'ஏ புள்ள' என்று அழைக்கப்பட்டவள் அங்கே சிறியவர் பெரியவர் எல்லாருக்கும் 'பாபி', அதாவது அண்ணி, ஆனாள். எவ்வளவு முயன்றும் கிடைக்காதது மல்லிகைப் பூ ஒன்றுதான். வெள்ளிக்கிழமை வந்தால் தலை வெறுமையாக இருப்பதாக இன்றும் சொல்வாள்.

குவார்ட்டர்ஸ் என்பது வசிப்பதற்குத் தரப்படும் வீடே தவிரச் சொந்தம் கொண்டாடுவதற்கு உரிய வீடன்று. உள்ளே போகும்போது குழாய், தாழ்ப்பாள், ஜன்னல் கண்ணாடி, விளக்கு அனைத்தையும் எண்ணிக் கணக்கெழுதி ஒப்படைப்பார்கள். மாற்றல் வந்து 'மார்ச் அவுட்' ஆகும் தினத்தில் அதே கணக்கை வைத்துக்கொண்டு மறுபடி எண்ணுவார்கள். உடைந்ததற்கும் காணாமற்போனதற்கும் பணம் கட்ட வேண்டும். ஆதலால் காலண்டர் மாட்ட ஆணி அடிப்பதற்கே இந்தப் பெண்கள் யோசிக்கிறார்கள். என் மருமகள் டால்டா டின்னில் வைத்திருந்த கறிவேப்பிலைக் கன்றை அடுத்த ஊருக்குக் கொண்டுபோக முடியாமல் பக்கத்து வீட்டாருக்குக் கொடுத்துவிட்டுப் போன அன்று, ஆணி அடித்த துவாரங்களைப் பற்பசையால் அடைத்துக்கொண்டே அழுததாகச் சொன்னாள். இரண்டு மூன்று வருஷத்துக்கொருமுறை இப்படி ஒரு கிருகத்தைக் கலைத்து இன்னொரு கிருகத்தை எழுப்புவது சாமானிய காரியமன்று.

இதற்கிடையில் கணவன் 'பீல்டு' போய்விடுவான். குடும்பம் கூட வர அனுமதியில்லாத எல்லைப்புறத்தில் அவன் இருக்கும் காலமெல்லாம், பாங்கிக் கணக்கும் கேஸ் சிலிண்டரும் கேண்டீன் கார்டும் பட்டாளத்து மருத்துவ அறையான எம்.ஐ. ரூமில் குழந்தையின் காய்ச்சலுக்கு வரிசையில் நிற்பதும் பள்ளிக்கூடத்தில் ஆசிரியரைப் பார்ப்பதும் அவள் ஒருத்தியின் தலையில் விழும். ஊரில் இருந்திருந்தால் தபாலாபீசுக்குக்கூடத் தனியே போயிருக்கமாட்டாள். இங்கே அந்நிய பாஷையில் அதிகாரிகளோடு வாதாடிக் காரியத்தை முடித்துக்கொண்டு வருகிறாள். ஆயினும் விடுமுறைக்கு வந்தால், "ஒனக்கென்னம்மா, கேண்டீன் சாமான், கவருமெண்டு வீடு" என்று சொல்லும் நம் ஊர் நாக்கை என்னால் மன்னிக்க முடியவில்லை. தொலைக்காட்சியில் எல்லையைப் பற்றிய செய்தி ஓடும் ராத்திரிகளில் போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு விழித்துக் கிடப்பவளுக்கு எந்தக் கேண்டீன் என்ன சௌகரியத்தைக் கொடுத்துவிடும்?

பட்டாளத்தோடு குடும்பமும் போவது நமக்குப் புதிதன்று. கும்பினியார் காலத்தில் வங்காளச் சிப்பாய் மனைவி மக்களைக் கிராமத்தில் விட்டுவிட்டுப் போவான். சென்னைப் பட்டாளத்துச் சிப்பாயோ அவர்களையும் கூடவே அழைத்துக்கொண்டு, கோட்டை கோட்டையாக, லயன் லயனாகக் குடியேறி வாழ்ந்தான். அந்த லயன்களில் தாயின் பாஷை தெருவின் பாஷையாகவும் இருந்தபடியால் பிள்ளைகள் அதை இழக்கவில்லை. இன்றைய நிலை அதுவன்று.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான். போன மே மாதம் விடுமுறையில் வந்திருந்த அந்தப் பெண்ணின் மகனை, ஒன்பது வயதுச் சிறுவனை, பெரியார் பேருந்து நிலையத்துக்கு நானே அழைத்துப் போயிருந்தேன். திருமங்கலம் பஸ் வந்தால் சொல் என்று கூறிவிட்டுத் தண்ணீர் பாட்டில் வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது பஸ் புறப்பட்டுக்கொண்டிருந்தது. பையன் நின்ற இடத்திலேயே நின்றான். "படிக்கத் தெரியல தாத்தா" என்றான், அச்சு அசலான மதுரைத் தமிழில். தாயின் வாயிலிருந்து உச்சரிப்பும் ராகமும் கேலியும் கோபமும் குறைவறப் பெற்றிருந்த பிள்ளைக்கு எழுத்து மட்டும் வந்து சேரவில்லை. அவன் முகம் சுண்டிப் போனதைக் கண்டபோது, குற்றம் அவனுடையதுமல்ல, அவன் தாயுடையதுமல்ல, நம்முடையது என்று எனக்குத் தோன்றிற்று.

தகப்பனின் உத்தியோக மாற்றத்தால் பிள்ளையின் படிப்புக் கெடலாகாது என்பதை அரசாங்கம் உணராமலில்லை. கேந்திரிய வித்யாலயங்கள் பிறந்ததே அந்த உணர்ச்சியால்தான். 1963-இல், படைப்பிரிவுகள் நடத்திவந்த இருபது பள்ளிகளை ஏற்றுக்கொண்டு தொடங்கிய ஏற்பாடு அது. பதான்கோட்டில் பாதியில் விட்ட கணக்குப் பாடத்தைச் செகந்திராபாத்தில் அதே பக்கத்திலிருந்து தொடரலாம் என்பது சாதாரண உபகாரமன்று. ஆனால் அங்கே ஆங்கிலமும் ஹிந்தியும் சமஸ்கிருதமும் ஸ்திரமாக இருக்கத் தாய்மொழிக்கு உள்ள இடம் மிகவும் குறுகியது: குறைந்தது பதினைந்து மாணவர் விரும்பினால் ஒப்பந்த அடிப்படையில் ஓர் ஆசிரியரை வைத்துக் கற்பிக்கலாம் என்பதே விதி. ஒரு மதராஸ் பட்டாலியன் தங்கியிருக்கும் இடத்தில் பதினைந்து தமிழ்ப் பிள்ளைகள் அகப்படாமற் போகமாட்டார்கள். அப்படியொரு விதி இருப்பதைத் தாய்மார்களுக்கு யார் சொல்கிறார்கள்? விண்ணப்பத்தை எழுதிக் கொடுப்பவர் யார்?

டெல்லிக்கு மாற்றலாகிறவர்கள் பாக்கியசாலிகள். 1923-இலேயே வேரூன்றிய தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகள் அங்கே தமிழைக் கற்பிக்கின்றன. கடல் கடந்த தமிழர்க்காக நம் மாநில அரசு 2001-இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தை, இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகத்தை, நிறுவிற்று. சான்றிதழ்ப் பாடங்களும் தேர்வுகளும் வைத்திருக்கிறது. டொரான்டோவில் உள்ள பிள்ளைக்கு எட்டுகிற பாடம் பதான்கோட்டில் உள்ள பிள்ளைக்கு எட்டாதிருப்பதற்கு நியாயமில்லை. அந்தப் பாடங்களைப் படைவீரர் குடும்பங்களுக்குக் கட்டணமின்றி வழங்கி, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகங்களின் மூலம் தெரியப்படுத்தி, தேர்வை விடுமுறைக் காலத்தில் சொந்த ஊரிலேயே எழுதச் செய்யலாம். பெருஞ்செலவு பிடிக்கும் திட்டமன்று இது.

அவசரமும் இருக்கிறது. சிப்பாயாகச் சேர்ந்தவர் பெரும்பாலும் நாற்பது வயதைத் தொடுவதற்குள் ஓய்வு பெற்று ஊர் திரும்புகிறார். அப்போது மகன் ஏழாம் வகுப்பிலோ எட்டாம் வகுப்பிலோ இருப்பான். 2006-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயமாக உள்ள நம் பள்ளியில் அவன் சேரும்போது, ஒன்றாம் வகுப்புப் பிள்ளையோடு அமர்ந்து அகரம் எழுத வேண்டிய நிலை. வயதுக்கு மீறிய அந்த வெட்கம் அவனைத் தன் ஊரிலேயே விருந்தாளியாக்குகிறது. ரயிலேறிப் போனபோது அவன் தாய் பட்ட அந்நியத்தை, திரும்பி வந்தபின் அவன் படுகிறான்.

பதினைந்து மாணவர் என்ற அந்த விதியை நான் சொன்ன பிறகு என் மருமகள் சும்மா இருக்கவில்லை. இப்போது செகந்திராபாத்தில் இருக்கிறாள். குவார்ட்டர்ஸ் குவார்ட்டர்ஸாக நடந்து, தென்காசிக்காரர் வீடு, வேலூர்க்காரர் வீடு, ராமநாதபுரத்துக்காரர் வீடு என்று விசாரித்துப் பெயரெழுதி, சாயங்காலத்தில் தன் வீட்டு வராந்தாவில் பாய் விரித்துப் பிள்ளைகளை உட்கார வைத்திருக்கிறாள். சென்ற வாரம் ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் பதினொன்று வேண்டுமென்று கேட்டாள், வாங்கி அனுப்பினேன். பதினைந்தாக வாங்கி அனுப்பட்டுமா என்று நான் கேட்டதற்கு, "இன்னும் நாலு பிள்ளைக கெடைக்கணும் மாமா, பின்னால இருக்கிற பிளாக்குல கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றாள்.