சிவப்பு கபாபும் வீட்டு வாணலியும்

பெங்களூரில் மாலை ஆறு மணிக்கு மேல் கபாப் வாசனை வராத தெருக்கள் குறைவு. சிவாஜி நகர், ஸ்ரீராமபுரம், பீனியா தொழிற்பேட்டை என்று எங்கு பார்த்தாலும் தள்ளுவண்டியைச் சுற்றிக் கூட்டம் நிற்கிறது. வேலை முடிந்து திரும்பும் தமிழ்த் தொழிலாளர்களும் குமாஸ்தாக்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு. கோழித் துண்டு செக்கச் செவேல் என்று இருந்தால்தான் நல்ல கபாப் என்பது பலருடைய எண்ணம்.

அந்தச் சிவப்பு மிளகாயிலிருந்து வந்ததா, சாயப் பொடியிலிருந்து வந்ததா?

கர்நாடக அரசு இதைச் சோதித்துப் பார்த்தது. 39 கபாப் மாதிரிகளை எடுத்ததில் 8 மாதிரிகள் பாதுகாப்பற்றவை என்று தெரிந்தது. அவற்றில் சன்செட் எல்லோ, கார்மோசின் ஆகிய செயற்கை நிறங்கள் இருந்தன. சிலவகை மிட்டாய்களில் அளவோடு சேர்க்க அனுமதி உள்ள இந்த நிறங்களுக்குக் கபாபில் இடமில்லை. 2024 ஜூன் மாதம் கோழி, மீன், காய்கறி கபாப்களில் செயற்கை நிறம் சேர்க்கத் தடை வந்தது. மீறினால் 7 ஆண்டு முதல் ஆயுள் வரை சிறை, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்றும் எச்சரிக்கப்பட்டது.

தடை வரவேற்கத்தக்கதே. ஆனால் தெருவுக்குத் தெரு அதிகாரி நிற்க முடியுமா?

எண்ணெயின் கதையும் இதுதான். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் நாடெங்கும் உள்ள விதி. நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிப்பவர்கள் கணக்கு எழுதவேண்டும். தள்ளுவண்டிக்கு அந்தக் கணக்கு கிடையாது.

யார் குற்றம்?

வண்டிக்காரரை மட்டும் ஏசிப் பயனில்லை. அவரும் வயிற்றுப் பிழைப்புக்கு நிற்பவர். சிவக்காத கபாபை வைத்தால் "பழசா?" என்று கேட்டுவிட்டு அடுத்த வண்டிக்குப் போகிறவர்கள் வாடிக்கையாளர்கள்தானே! சாயத்தைக் கேட்டு வாங்குவது வாங்குகிறவரின் கண். அந்தக் கண்ணைத் திருத்த வழி, ஒருமுறையாவது வீட்டில் பொரித்துப் பார்ப்பது.

"அதெல்லாம் பெண்கள் வேலை, நமக்கு வராது" என்பது தனியாகத் தங்கியிருக்கும் ஆண்கள் சொல்லும் சாக்கு. சோறு வடிக்கத் தெரிந்தவருக்குக் கோழி பொரிப்பது பெரிய வித்தை அல்ல.

செய்முறை எளிது

நாலு பேர் தங்கும் அறைக்கு அரைக் கிலோ எலும்புடன் கூடிய கோழி போதும். துண்டுகள் சிறியதாக இருக்கட்டும். ஈரம் இருந்தால் எண்ணெய் தெறிக்கும். ஆகவே தண்ணீரை நன்றாக வடியவிட வேண்டும். ஒரு மேசைக்கரண்டி இஞ்சி பூண்டு விழுது, இரண்டு தேக்கரண்டி மிளகாய்த் தூள், ஒரு தேக்கரண்டி உப்பு, சிறிது மஞ்சள், அரை எலுமிச்சம்பழச் சாறு சேர்த்துப் பிசறி அரை மணி நேரம் மூடி வைக்கலாம். குளிர்சாதனப் பெட்டி இருந்தால் அதில் இரண்டு மணி நேரம் வைப்பது இன்னும் நல்லது. பிறகு ஒரு முட்டை, அரிசி மாவும் கான்பிளவர் மாவும் வகைக்கு ஒரு மேசைக்கரண்டி.

நிறம் வேண்டுமா? ஹாவேரி மாவட்டத்து பியாடகி மிளகாய் பெங்களூர் கடைகளில் கிடைக்கிறது. காரம் குறைவு, நிறம் அதிகம். 2011-ல் புவிசார் குறியீடு பெற்ற சரக்கு. சாயமே வேண்டாம்.

புதிதாகச் செய்பவர்கள் தவறுவது தீயில்தான். எண்ணெய் புகையும் அளவுக்குக் காய்ந்தால் மேலே கருகும், உள்ளே வேகாது. காயாவிட்டால் கோழி எண்ணெயைக் குடிக்கும். ஒரு துளி மாவைப் போட்டால் உடனே மேலே எழும்ப வேண்டும். ஆனால் கருகக் கூடாது. அதுதான் பதம். ஒரு தடவைக்கு ஐந்தாறு துண்டுகள், மிதமான தீயில் எட்டு முதல் பத்து நிமிடம். பெரிய துண்டு ஒன்றைப் பிளந்து, எலும்போடு ஒட்டிய சதை வெந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே தட்டில் போடவேண்டும்.

வாணலியை முக்கால் பாகத்துக்கு நிரப்பக் கூடாது. எண்ணெயில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்துத் தட்டால் மூடவேண்டும். மிஞ்சிய எண்ணெயை வடிகட்டி இரண்டொரு நாளில் தாளிதத்துக்குச் செலவிடலாம். கறுத்ததைக் கொட்டிவிடுவதே நல்லது.

இப்படிப் பொரித்த கோழி கடைச் சிவப்பில் இருக்காது; பழுப்பாகத்தான் இருக்கும். குடும்பத்தோடு இருப்பவர்கள் அந்தப் பழுப்புக் கோழியைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பழக்க வேண்டும். இரண்டு ஞாயிற்றுக்கிழமை அதைத் தின்ற பிள்ளை மூன்றாம் வாரம் வண்டிக்காரரிடம், "கலர் போடாத கபாப் இருக்கா அண்ணே?" என்று கேட்கும்.

பத்துப் பிள்ளைகள் அப்படிக் கேட்டால், சாய டப்பாவை வண்டிக்காரரே தூர எறிந்துவிடுவார். வரும் ஞாயிற்றுக்கிழமையே வாணலியை அடுப்பில் ஏற்றலாமே!