குளிர்மலைக்கு எந்தக் கத்தி?

கொழிஞ்சாம்பாறையில் குளிர் என்றால் மார்கழி விடியலில் துண்டைத் தலையில் சுற்றிக்கொள்ளும் அளவுக்குத்தான். பாலக்காட்டுக் கணவாயின் காற்றும் பனையும் தென்னையுமாகக் கிடக்கிற இந்தச் சமவெளியில் நின்று உறைபனிக்குக் கத்தி தேடுவது, ராமநாதபுரத்தில் ஸ்வெட்டர் விற்பதைப் போலத் தோன்றலாம். ஆனால் காலையில் கிளம்பிப் பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர் என்று ஏறினால் பொழுது சாய்வதற்குள் மூணாறு வந்துவிடும். அங்கே செவன்மலை, செண்டுவரை எஸ்டேட்களில் ஜனவரி மாதம் வெப்பமானி பூஜ்யத்துக்குக் கீழே இறங்குவது புதிதல்ல.

அந்த மலைகளுக்குக் கிளம்பும் இளைஞர்களின் பையில் இப்போதெல்லாம் ஒரு ‘சர்வைவல்’ கத்தி இருக்கிறது. கறுப்புப் பூச்சு, முதுகில் ரம்பப் பல், உள்ளே குடைந்த பிடி, அதற்குள் தூண்டில் நரம்பும் தீக்குச்சியும். 1982-ல் ராம்போ திரைக்கு வந்த நாளிலிருந்து ஓயாத மோகம். பிடியைக் குடைந்துவிட்டதால் அலகு கொஞ்சம்தான் உள்ளே போகும். மலிவான கத்தி என்றால் கட்டையில் வைத்து நாலு தட்டுத் தட்டியதும் பிடி ஒருபுறம், அலகு ஒருபுறம். ரம்பப் பல்லால் ஒழுங்காக மரமும் அறுக்க முடியாது.

இந்தக் கத்தியை வாங்குவதற்கு முன் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் புழங்கும் இரண்டு கத்திகளைக் கவனித்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். ஒன்று, கள் இறக்குபவரின் கத்தி. சித்தூர் தாலுகா கள்ளுக்குப் பேர்போனது. பாளையின் நுனியைக் காகிதம் போலச் சீவியெடுக்க வேண்டும் என்பதால் அலகு அகலம், விளிம்பு படுமெல்லிசு. பலகையில் வெள்ளைக்கல் பொடியைத் தூவித் தீட்டிய கத்தி. ஆனால் காய்ந்த வேலங்கட்டையில் அதைப் போட்டால் விளிம்பு பல்லுப் பல்லாகப் பெயர்ந்துவிடும். இன்னொன்று கொடுவாள். மலையாளத்தில் வாக்கத்தி, வெட்டுகத்தி என்பது இதன் இனம்தான். வேலி முள், விறகு, தேங்காய் எதற்கும் அசராது. லாரியின் ஸ்பிரிங் பட்டையை அடித்துச் செய்தது என்றால் ஆயுசு கெட்டி. ஆனால் விளிம்பு தடிமன். மெல்லச் சீவுகிற வேலைக்கு வராது. குளிர்மலைக்கு வேண்டிய கத்தி இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

காரணம், அங்கே கத்திக்கு உள்ள வேலை. புலியோடு மல்லுக்கட்ட அல்ல, நெருப்பு மூட்டத்தான் கத்தி. மேற்குத் தொடர்ச்சி மலையில் மனிதனைச் சாய்ப்பது உறைபனியைவிட ஈரமும் காற்றும். நனைந்த சட்டையோடு காற்றில் நின்றால், பத்து டிகிரியிலேயே உடல் சூடு இறங்கத் தொடங்கிவிடும். அது 35 டிகிரிக்குக் கீழே போனால் ஆபத்து. முதலில் நடுக்கம், பிறகு விரல் சொன்னபடி கேட்காது, அதற்கும் பிறகு புத்தி. சோலைக்காட்டில் மூடுபனி எப்போதும் மரத்தை நனைத்தபடியே இருக்கும். தரையில் கிடக்கும் சுள்ளி எதுவும் பற்றாது. காய்ந்து நிற்கிற கிளையின் உள்ளேதான் உலர்ந்த விறகு இருக்கிறது. அதை ஒடித்து, பிளந்து, ஈரமான மேல்புறத்தைக் கழித்து, உட்கட்டையைச் சுருள் சுருளாகச் சீவினால் அந்தச் சுருள் ஒரே தீக்குச்சியில் பற்றும். பிளக்கவும் வேண்டும், சீவவும் வேண்டும். அதுவும் மரத்துப்போன கையால்.

அலகு நாலு அல்லது ஐந்து அங்குலம், தடிமன் மூன்று நாலு மில்லிமீட்டர் போதும். மடக்குக் கத்தியை விரல் விறைத்த நிலையில் திறப்பதே பாடு. பிடி நழுவி விரலின் மேலேயே மடங்கிக்கொள்ளும் ஆபத்து வேறு. பிடி மரமோ ரப்பரோ ஆகட்டும், வெறும் இரும்பு வேண்டாம். அது கையிலுள்ள சூட்டை உறிஞ்சிவிடும். கையுறையோடு பிடிக்கத் தோதாகக் கொஞ்சம் பருத்திருப்பது நல்லது. அலகின் இரும்பு பிடியின் கடைசி வரை ஓடினால் பலம்தான். ஆனால் அதையே வேதவாக்காக்க வேண்டியதில்லை. பின்லாந்துக்காரர்களின் பூக்கோ கத்தியில் மெல்லிய வால்தான் பிர்ச் மரப்பிடிக்குள் போகிறது. தலைமுறை தலைமுறையாக அதை வைத்துக்கொண்டுதான் நம் மூணாறு கனவிலும் காணாத குளிரில் அவர்கள் காலம் தள்ளினார்கள்.

துருப்பிடிக்காத எஃகா, சாதா எஃகா என்ற சண்டைக்கு மழைமலையில் பதில் எளிது. எண்ணெய் போட்டுத் துடைக்கச் சோம்பல் என்றால் முன்னது. கிடைத்த கல்லில் தீட்டிக்கொள்ள வேண்டும் என்றால் பின்னது. மிகக் கடினமாகப் பதம் போட்ட அலகு கடுங்குளிரில் உடைய வாய்ப்பு அதிகம். திராஸ் போகிறவருக்குத்தான் அந்தக் கவலை, மூணாறு போகிறவருக்கு அல்ல. நேபாளக் கொல்லர்கள் குக்ரியின் விளிம்பில் மட்டும் கெண்டியால் நீர் ஊற்றித் தோய்ச்சல் கொடுப்பது இந்தச் சிக்கலுக்கு விடை: வெட்டும் இடம் கடினம், முதுகு வளைந்து கொடுக்கும்.

கத்தியே கைகொடுக்காத இடமும் உண்டு. 2024 ஜூன் தொடக்கத்தில் உத்தராகண்டின் சஹஸ்ரதால் ஏறிய 22 பேர் குழு பனிப்புயலில் சிக்கி, 9 பேர் இறந்தனர். மரம் முளைக்காத உயரம். சீவக் கட்டை ஏது? அங்கே கூடாரமும் நல்ல உடையும் வேளையோடு திரும்பும் புத்தியும்தான் உதவும். நெருப்புக்கு மறுபக்கமும் இருக்கிறது. மூணாறுக்கு அடுத்த குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக்காரர்களில் 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். காய்ந்த புல்சரிவில் குளிருக்காகத் தீ மூட்டுவதை அதற்குப் பிறகு யாரும் நியாயப்படுத்த முடியாது.

சட்டம் வேறு இருக்கிறது. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ‘ஆயுதம்’ என்று அடுக்கும் பட்டியலில் துப்பாக்கி, வில் அம்போடு கத்தியும் அடக்கம். எழுத்துமூலமான அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது. தேசியப் பூங்காவுக்கும் இது பொருந்தும். சின்னாறு சரணாலயம், இரவிகுளம் தேசியப் பூங்கா என்று மூணாறைச் சுற்றி இருப்பதெல்லாம் அந்த வகைதான். ஆசையாக வாங்கிய கத்தியைப் பையின் அடியில் மறைத்துக்கொண்டு போகிறவர் சட்டத்தின் கண்ணில் ஏறக்குறைய வேட்டைக்காரர். முறைப்படி வனத்துறை வழிகாட்டியோடு போவதுதான் சரி. மரம், காற்று, மழை, மூன்றையும் அறிந்த மலைவாசி ஒருவர் கூட இருப்பது எந்தக் கத்தியையும்விட மேல்.

அனுமதியோடு போகிறவரும் எஸ்டேட்டில் தங்குகிறவரும் கடைக்கண்ணாடிக்குள் பார்த்துக் கத்தி வாங்க வேண்டாம். வாளித் தண்ணீரில் ஐந்து நிமிடம் கையை முக்கி, பழைய காலுறையை மாட்டிக்கொண்டு, ஒரு காய்ந்த குச்சியைச் சீவிப் பார்க்கட்டும். கடையில் விடமாட்டார்கள் என்றால் கொல்லர் பட்டறைக்குப் போகலாம். பிடி வழுக்கினாலோ, சுருள் வராமல் தூள் தூளாக உதிர்ந்தாலோ, வேறு கத்தி பார்க்க வேண்டியதுதான்.