கமண்டல நதி கடல் சேரும் வழி

பாலாற்றைப் பற்றி நாம் பேசத் தொடங்கினால் பேச்சு உடனே நந்தி மலைக்குப் போய்விடுகிறது. கர்நாடகத்தில் உற்பத்தியாகி அங்கே 93 கிலோமீட்டரும், ஆந்திரத்தில் 33 கிலோமீட்டரும், நம் மண்ணில் 222 கிலோமீட்டரும் ஓடுகிற அந்த நதிக்காக 1892-ஆம் வருஷத்து மைசூர்-சென்னை ஒப்பந்தத்தைக் காட்டி வாதாடுவதும், குப்பம் பக்கத்துத் தடுப்பணைகளுக்காக நீதிமன்றப் படியேறுவதும் நியாயமே; அவற்றில் குறை காண்பது என் நோக்கமன்று. ஆனால் ஜவ்வாது மலையடிவாரத்தில் தொடங்கி, ஆரணியின் ஓரமாகச் செல்லும் கமண்டல நாகநதியை விடாமல் பற்றிக்கொண்டு, அது செய்யாற்றோடும் செய்யாறு பாலாற்றோடும் கூடி வயலூர் முகத்துவாரத்தில் சமுத்திரத்தை அடையும் வரை சாலை வழியே பிரயாணம் செய்து பார்த்தவனுக்கு வேறொரு எண்ணம் வலுப்படாமல் இராது. நந்தி மலையிலிருந்து ஒரு சொட்டும் வராத வருஷங்களிலும் கீழ்ப் பாலாற்றில் கொஞ்சம் ஈரம் நிற்கிறதென்றால் அது இந்தச் சிற்றாறுகள் தரும் பிச்சைதான். இவையோ பிறப்பிலிருந்து முடிவு வரை முழுக்க முழுக்க நம்முடையவை. இவற்றை நாம் வைத்திருக்கும் லட்சணத்துக்கு எந்த அண்டை ராஜ்யத்தையும் குற்றம் சொல்ல முடியாது.

படவேட்டில் ரேணுகாம்பாள் கதையை அறியாதவர் இல்லை. ஜமதக்னி முனிவரின் பத்தினி இந்த ஆற்று மணலிலேயே தினமும் குடம் வனைந்து நீர் மொண்டு சென்றாளாம். கந்தர்வனின் நிழலை நீரில் கண்டு மனம் அசைந்த ஒரு கணத்தில் குடம் உடைந்ததாம். கதையின் நீதியைப் பௌராணிகர்களுக்கு விட்டுவிடுகிறேன். மணலே நீரைத் தாங்கும் பாத்திரம் என்கிற விஷயம் மட்டும் சத்தியம். இந்தப் பக்கத்து ஆறுகள் மேலே வற்றியிருக்கும்போதும் மணலுக்கடியில் ஓடுபவை. ஊற்றுக்கால் வெட்டிப் பாசனம் செய்த முன்னோர் அதை அறிந்திருந்தார்கள். லாரி லாரியாக மணலை அள்ளிக்கொண்டு போன நாமும் அறியாதவர்களல்லர்.

ஆரணிக்கு நீர் வெறும் குடிநீரன்று. அது தொழிலின் மூலப்பொருள். பொன்னி அரிசிக்குப் பேர்போன ஆலைகளில் நெல் ஊறுவதும் வேகுவதும் ஒருபுறமிருக்க, பட்டுக்கு நீர் வேண்டியிருப்பது இன்னும் விசேஷமானது. கர்நாடகத்திலிருந்து வரும் கச்சாப் பட்டை சோப்பும் சோடாவும் கரைத்த கொதிநீரில் வேகவைத்துப் பசை நீக்கி, அலசி, சாயத்தில் தோய்த்து, மறுபடி மறுபடி அலசிய பிறகே அது பாவாகவும் ஊடையாகவும் தறிக்குப் போகும். பாலாறு பிறக்கும் அதே சிக்கபள்ளாபூர்ச் சீமையிலேதான் சித்லகட்டாவின் பேர்பெற்ற பட்டுக்கூட்டுச் சந்தையும் இருக்கிறது. தண்ணீருக்கு உண்டான தடையெல்லாம் பட்டுக்கு இல்லை போலும்! அலசிய நீர் சுத்திகரிக்கப்படாமல் சாக்கடையோடு சேர்ந்தால் அது போய்ச் சேருமிடம் எதுவென்று சொல்ல வேண்டியதில்லை.

திருவோத்தூரில் ஆண்பனையைப் பெண்பனையாக்கிய சம்பந்தரை வணங்கிவிட்டுச் செய்யாற்றோடு கீழே போனால், பாலாறும் வேகவதியும் செய்யாறும் சங்கமிக்கும் திருமுக்கூடல். அங்கே வெங்கடேசப் பெருமாள் கோயிலில் 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வீரராஜேந்திர சோழனின் கல்வெட்டு ஒன்று, 15 நோயாளிகள் படுத்துச் சிகிச்சை பெறும் ஆதுலர் சாலையை வர்ணிக்கிறது. மருத்துவன், அறுவை செய்வோன், மூலிகை கொணர்வோர், பணிப்பெண்கள், நாவிதன் வரை யாருக்கு என்ன வேலை, அதற்கு என்ன கூலி என்று கல்லிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். இன்று இந்த நதிக்கு அப்படி யார் பொறுப்பு? மலையிலுள்ள காடு வனத்துறையைச் சேர்ந்தது. செண்பகத்தோப்பு அணை நீர்வளத்துறையைச் சேர்ந்தது. மணல் கனிமத்துறைக்கு, சாக்கடை நகராட்சிக்கு, சாயம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு. நதி முழுவதும் யாருக்கும் இல்லை.

வயலூரில், உப்புநீர் உள்ளே ஏறாமலிருக்கத் தடுப்பணை கட்டியிருக்கிறார்கள், நல்ல காரியந்தான். அங்கிருந்து வடக்கே சிறிது தூரத்தில் சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டை. ஒரு காலத்தில் துணிக்காகக் கடல் கடந்து வந்தவர்கள் கட்டியது அது. நெசவு இந்தப் பக்கத்துக்கு எவ்வளவு செல்வம் கொடுத்ததென்பதற்கு வேறு சாட்சியம் வேண்டாம். அந்த நெசவை நதிக்கு விரோதியாகச் சித்திரிப்பது எனக்குச் சம்மதமில்லை. வேலூர்ப் பக்கத்துத் தோல் பதனிடும் ஆலைகளின் வழக்கில் 1996-ஆம் வருஷம் உச்ச நீதிமன்றம், மாசு செய்தவனே அதற்கு விலை கொடுக்க வேண்டுமென்று தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியில் அதே பாலாற்றுக்காக மறுபடியும் தீர்ப்புச் சொல்ல நேர்ந்ததென்றால், முதல் தீர்ப்பு எவ்வளவு தூரம் அமலாயிற்று என்று ஊகிக்கலாம். ஆரணியின் சாயப் பட்டறைகள் அந்த ஆலைகளைப் போலப் பெரியவையல்ல. சிறு பட்டறைக்காரனுக்கு அபராதச் சீட்டு அனுப்பினால் அவன் பட்டறையை மூடுவான், அல்லது இரவில் திறப்பான். ஆதலால் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தை அரசு கட்டித் தரட்டும். அதை நடத்தும் செலவு நெசவாளனின் கூலியிலிருந்து போகாமல் புடவையின் விலையில் ஏறட்டும். கல்யாணத்துக்குப் பட்டெடுக்கிறவர்கள் ஜரிகைக்கும் கடையின் குளிர்சாதனத்துக்கும் கொடுக்கிற பணத்தோடு, அலசிய நீருக்கும் கொஞ்சம் கொடுத்தால் ஒன்றும் குறைந்துவிடாது. கூட்டுறவுச் சங்கங்கள் இதைத் தொடங்கினால் தனியார் கடைகள் பின்பற்றாமலிருப்பது கஷ்டம்.

அதோடு, படவேடு முதல் வயலூர் வரை ஒரே அதிகாரியின் பொறுப்பில் இந்த நதியை ஒப்படைத்து, மணல், சாக்கடை, சாயம் மூன்றையும் அவரே கேட்கும்படி செய்ய வேண்டும். இதற்குப் பெங்களூரின் சம்மதமும் வேண்டாம், அமராவதியின் சம்மதமும் வேண்டாம். கோட்டையிலிருந்து ஓர் அரசாணை போதும், அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே அதைப் பிறப்பித்துவிடலாம்.