திதி கொடுக்கப் போகாதவர்கள்

கோடை விடுமுறைக்கு ராமநாதபுரம் போகிறோம் என்றபோது கோவை நண்பர்கள் கேட்ட முதல் கேள்வி, "யாருக்குத் திதி?" என்பதுதான். அருங்காட்சியகம் பார்க்க என்ற பதிலை ஒருவரும் நம்பவில்லை. மே மாதப் புழுக்கத்தில் கணவனும் மனைவியுமாகப் பழம்பொருள் பார்க்கக் கிளம்புவதை நம் நடுத்தர வர்க்கம் சற்று ஐயத்தோடுதான் பார்க்கும். ஊட்டி என்றிருந்தால் கேள்வியே எழுந்திருக்காது.

ராமேஸ்வரம் செல்லும் பெருங்கூட்டம் ராமநாதபுரத்தைப் பேருந்துச் சன்னல் வழியாக மட்டுமே காண்கிறது. அந்த ஊருக்குள்தான் ராமலிங்க விலாசம் இருக்கிறது. போகலூரிலிருந்து தலைநகரை இங்கு மாற்றிய கிழவன் சேதுபதியின் காலத்தில் எழுந்த அரண்மனை. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முத்து விஜயரகுநாத சேதுபதியின் ஆட்சியில் அதன் சுவர்களும் விதானங்களும் ஓவியங்களால் நிறைந்தன. தஞ்சை மராத்தியரோடு நடந்த போர், அவைக்கு வந்து நிற்கும் ஐரோப்பியர், ராஜராஜேஸ்வரியின் கையால் சேதுபதி செங்கோல் பெறும் காட்சி, ராமாயணம், பாகவதம், பிறகு மாடியறையில் அரசனின் அந்தரங்கப் பொழுதுகள். கோயிலைப் போலவே மண்டபம் மண்டபமாக உள்ளொடுங்கிச் செல்லும் கட்டிடம் அது. ஊரறிய நிகழ்ந்தவை முகப்பில். தனக்கு மட்டுமானவை உள்ளே, மேலே.

நான் வரலாற்று நூல்களின் வழியாக அங்கு நுழைந்தவன். எனக்கு எது எந்தப் போர், எவர் எந்த அரசர் என்று தெரிந்தாக வேண்டும். என் மனைவி சென்னிமலையில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவள். நான் போரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏங்க, இது நெஞ்ச பூ இல்லீங்க, எழுதின பூ" என்று ஒரு பெண்ணுருவத்தின் ஆடையைக் காட்டினாள். அதன்பின் ஒரு மணி நேரம் நாங்கள் ஓவியங்களைப் பார்க்கவில்லை, அவற்றுக்குள் இருந்த கரைகளையும் மடிப்புகளையும் பார்த்தோம். சோழமண்டலக் கரையிலிருந்து உலகெங்கும் துணி கப்பலேறிய காலம் அது. அதைப் பற்றி நான் படித்திருக்கிறேன். ஆனால் கண்ணெதிரே சுவரில் இருந்ததை எனக்குப் பார்க்கத் தெரியவில்லை. சற்று வெட்கமாகத்தான் இருந்தது.

இந்தச் சுவர்களைப் பெயர்த்து ஒரு பெருநகரக் கூடத்தில் வைத்திருந்தால் ஆடையும் அரசனும் கிடைத்திருப்பார்கள். முகப்பிலிருந்து அந்தரங்கத்துக்கு நடந்துபோகும் அனுபவம் கிடைத்திருக்காது. மறுநாள் வைகைக் கழிமுகத்தை ஒட்டிய அழகன்குளத்தில் நின்றபோது இது இன்னும் உறைத்தது. 1986 தொடங்கி அங்கு நடந்த அகழாய்வுகளில் ரோமானியக் காசுகள், தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகள், கப்பல் உருவம் கீறிய பானை ஓடு எனப் பலவும் வெளிப்பட்டன. தோண்டிய குழிகளை மூடிவிடுவதுதான் தொல்லியல் முறை, அது சரியானதும்கூட. ஆனால் அங்கு வருகிறவனுக்கு மிஞ்சுவது பனையும் கருவேலமும் காற்றும்தான். தன் பானையில் கப்பல் கீறியவன் எந்தக் கடலைப் பார்த்துக் கீறினானோ, அந்தக் கடல் மட்டும் அருகில் இருக்கிறது.

2025 மார்ச் மாத நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு ராமநாதபுரத்துக்கு 21 கோடி ரூபாயில் நாவாய் அருங்காட்சியகம் ஒன்றை அறிவித்தது. வரவேற்கிறேன். பாண்டியரின் கடல் வணிகத்தை அங்கு சொல்வார்கள். அதே கடலில் இன்றும் தொழிலுக்குப் போகிறவர்களின் வத்தையும் வலையும் காற்றறிவும் அங்கு இடம்பெறுமா என்பதே என் கேள்வி. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய கடலோடியைக் கண்ணாடிக்குள் வைத்துப் போற்றிவிட்டு, வெளியே நிற்பவனை மறந்துவிடுவது நமக்குக் கைவந்த கலை.

பேக்கரும்பில் 2017இல் திறக்கப்பட்ட அப்துல் கலாம் நினைவகத்தில் கூட்டம் மொய்த்தது. மாதிரிகளால் நிறைந்த அருங்காட்சியகங்களை நான் மதிப்பதில்லை. அங்கு அந்த எண்ணம் சற்றே அசைந்தது. ஏவுகணை மாதிரியின் முன் ஒரு கிராமத்துத் தகப்பன் தன் மகளைத் தோளில் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். அவர் பொருளைப் பார்க்க வரவில்லை, ஓர் ஆளைப் பார்க்க வந்திருந்தார்.

சண்டை தனுஷ்கோடியில் வந்தது. 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் அழிந்த ஊர். பவளக்கல் தெரியும் தேவாலயச் சுவரில் சாய்ந்து ஆளாளுக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இந்த இடிபாடுகளைச் சுற்றி வேலியிட்டு, இது ரயில் நிலையம், கொழும்புக்குப் போகிறவர்கள் இங்கே இறங்கித்தான் தலைமன்னாருக்குக் கப்பல் ஏறினார்கள் என்று எழுதி வைத்து, முழு ஊரையும் அருங்காட்சியகமாக்க வேண்டும் என்றேன்.

"வேலி போட்டா இவங்க எங்கீங்க போவாங்க?" என்று கேட்டாள். பாழடைந்த சுவர்களுக்கு நடுவே, ஓலைக் கொட்டகையில் சங்கும் சோழியும் பரப்பி உட்கார்ந்திருந்த பெண்களைக் காட்டித்தான் கேட்டாள். வாழத் தகுதியற்றது என்று அறிவிக்கப்பட்ட பின்னும் அந்த மணலை விடாதவர்கள். பாதுகாப்பு என்ற சொல் முதலில் யாரை வெளியேற்றும் என்று அவளுக்கு உடனே தெரிந்திருந்தது. பெயர்ப் பலகைகூட இல்லாமல் அந்தச் சுவர்கள் இன்னும் சில மழைக்காலங்களில் உதிர்ந்துவிடும் என்று நான் சொன்னதற்கு அவளிடமும் பதில் இல்லை.

பாம்பன் தாண்டும்வரை பேசிக்கொண்டே வந்தோம். அவள் வாங்கிய கருவாட்டுப் பொட்டலத்தின் மணம் ரயில் பெட்டி முழுக்க நிறைந்திருந்தது. எதிர் இருக்கைக்காரர், "திதி நல்லபடியா முடிஞ்சுதா?" என்று கேட்டார்.