ஷாம்பு பாட்டிலில் சரக்கு! உல்லாச கப்பலில் 'குடிமகன்'கள் கில்லாடித்தனம்

அமெரிக்காவின் மயாமி துறைமுகத்தில் உல்லாச கப்பல் ஏறும் 'குடிமகன்'கள் பலே கில்லாடிகள். பெட்டியில் ஷாம்பு பாட்டில் இருக்கும். திறந்தால் குப்பென்று ரம் வாசனை!

அங்கிருந்து கிளம்பும் கார்னிவல் கம்பெனி கப்பல்களில், 21 வயது ஆனவர்கள் ஏறும் நாளில் ஆளுக்கு ஒரு 750 மில்லி ஒயின் பாட்டில் கொண்டு போகலாம். விஸ்கி, ரம், பீர் கூடவே கூடாது. பிடிபட்டால் சரக்கு பறிமுதல். தண்ணீர் பாட்டிலிலும் சரக்கை ஊற்றி வந்ததால், 2015 ஜூலையில் தண்ணீர் பாட்டிலுக்கே தடை போட்டார்கள். யாரோ குடிக்க, குடிக்காதவனுக்கும் தண்டனை!

நடுக்கடலில் போதை ஆபத்துதான். தடுமாறி கடலில் விழுந்தால் தேடிப் பிடிப்பது லேசு அல்ல. அடிதடி நடந்தால் ஓடிப்போய் சொல்ல போலீஸ் ஸ்டேஷனும் கிடையாது. சோதனை போடட்டும். தப்பில்லை.

ஆனால் உள்ளே நடப்பது என்ன? மொத்தமாக பணம் கட்டினால் தினம் 15 கிளாஸ் வரை மது தருகிறார்கள்! புருஷன் இதில் சேர்ந்தால், அதே அறையில் தங்கும் 21 வயது தாண்டிய மனைவியும் சேர வேண்டுமாம்.

கொண்டுவந்த சரக்குதான் தலைக்கு ஏறுமா? கப்பல் சரக்கு ஏறாதா? பாதுகாப்புக்காக தடை என்றால் பாரிலும் அளவை குறைக்கட்டும். கல்லாவுக்காக என்றால் அதை பச்சையாக சொல்லிவிட்டு டிக்கெட் விற்கட்டும்.

2022 ஜூனில் சென்னை துறைமுகத்தில் இருந்தும் உல்லாச கப்பல் கிளம்பியது. இனி கப்பல் ஏறும் நம்மவர்கள் ஷாம்பு பாட்டிலை தேட வேண்டாம். டிக்கெட் வாங்கும் முன்பே விதி என்ன, விலை என்ன என்று கறாராக கேளுங்க!