மடி ஒன்றும் சீட் பெல்ட் அல்ல

பின்சீட்டில் உட்கார்ந்தவர் பெல்ட் போடவில்லை என்றால் கார் சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல் புதிய கார்களுக்கு இது கட்டாயம். விதி வந்ததும் மதுரைப் பக்கம் கார்க்காரர்கள் கேட்கிற முதல் கேள்வி: "அண்ணே, இந்தச் சத்தத்த எப்படி நிப்பாட்டுறது?"

நிப்பாட்டுவதற்கு என்றே ஒரு சாமான் உண்டு. பெல்ட்டின் நாக்கு மாதிரி ஒரு தகடு. கொக்கியில் செருகிவிட்டால் பெல்ட் போட்டதாகக் கார் நம்பிவிடும். 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய விற்பனை நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டு இந்தத் தகடுகளின் விற்பனைப் பதிவுகளை நீக்கவைத்தது. நீக்கப்பட்டவை 13,118. தன் சொந்தக் காரை ஏமாற்றக் காசு கொடுக்கும் கூட்டம் இல்லாமலா இத்தனை பேர் கடை விரித்திருப்பார்கள்?

திருச்சி – மதுரை நான்குவழிச் சாலையில், நத்தம் சாலையும் சிங்கம்புணரி சாலையும் வந்து சேருகிற கொட்டாம்பட்டியில், ஒரு முகூர்த்த நாள் காலையில் அரை மணி நேரம் நின்று பார்த்தால் போதும். அழகர்கோவிலில் மொட்டை, பாண்டி கோயிலில் காதுகுத்து, மேலூரில் கல்யாணம் என்று கார்கள் வரிசையாகப் போகும். ஓட்டுகிறவர் பெல்ட் போட்டிருப்பார். பக்கத்தில் இருப்பவர் பெல்ட்டை இழுத்து மார்பின் குறுக்கே கையால் பிடித்திருப்பார். மேலூரில் போலீஸ் நின்றால் காட்டுவதற்கு. அவர் மடியில் ஒரு குழந்தை. இரண்டு முன்சீட்டுகளுக்கும் நடுவே நின்றபடி இன்னொன்று. கூரையில் கண்ணாடித் திறப்பு உள்ள வண்டி என்றால் மூன்றாவது குழந்தை அதன் வழியே தலையை நீட்டிக் கொண்டு வரும். பின்சீட்டில் ஐந்தாறு பேர். அங்கே பெல்ட் இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது. புது சீட் கவர் தைத்தபோது கொக்கியை உள்ளே வைத்து மூடிவிட்டார்கள்.

இப்போது ஒரு கணக்கு. ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022 அறிக்கைப்படி, சீட் பெல்ட் போடாமல் செத்தவர்கள் 16,715 பேர். அவர்களில் ஓட்டுநர்கள் 8,384. பயணிகள் 8,331. வித்தியாசம் 53 பேர்தான். சாலைப் பாதுகாப்பு வாரம் கொண்டாடும் ஒவ்வொரு அலுவலகச் சுவரிலும் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும் என்பேன். பெல்ட் என்றதும் நம் மனதில் வருவது ஸ்டீயரிங் பிடித்தவர் மட்டும். பதாகையில் இருப்பது அவர் படம். குறும்படத்தில் அழுவது அவர் மனைவி. ஆனால் சாவு ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டுக் கொண்டிருக்கிறது. அந்த 8,331 பேரில் முன்னால் இருந்தவர் எத்தனை, பின்னால் இருந்தவர் எத்தனை, யாருடைய மடியிலோ இருந்தவர் எத்தனை? அட்டவணையில் ஓட்டுநர், பயணி என்று இரண்டே கட்டங்கள். மடியில் இருந்த குழந்தையும் பயணி, முன்னாள் அமைச்சரும் பயணி. எண்ணப்படாத சாவுக்கு எந்த அரசு பதில் சொல்லும்?

அதே 2022 செப்டம்பர் 4 அன்று பால்கர் அருகே டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி இறந்தார். விலை உயர்ந்த ஜெர்மன் கார். முன்னால் இருந்த இருவர் பிழைத்தார்கள். பெல்ட் போடாமல் பின்னால் இருந்த இருவரும் இறந்தார்கள். பணக்காரர் ஒருவர் செத்த பிறகுதான் பின்சீட்டுக்கும் பெல்ட் உண்டு என்பது டெல்லிக்கு நினைவுக்கு வந்தது. மத்திய மோட்டார் வாகன விதி 138 அதைப் பல வருஷங்களாகச் சொல்லிக் கொண்டிருந்தது என்பது வேறு விஷயம்.

சட்டத்தில் குறை இல்லை. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, பெல்ட் போடாதவருக்கு 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. 14 வயதுக்குட்பட்ட குழந்தையைப் பெல்ட்டாலோ குழந்தை இருக்கையாலோ பிணைக்காமல் ஓட்டினாலும் அதே 1,000 ரூபாய். தமிழ்நாடு இந்த உயர்த்திய அபராதங்களை 2022 அக்டோபரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. முதல் பாதிக்கு ரசீது கிழிக்கிறார்கள். இரண்டாம் பாதிக்கு யாராவது ரசீது வாங்கியதாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? முன்கண்ணாடி வழியே தெரிவதுதான் குற்றம் என்று ஆகிவிட்டது. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் மடியில் குழந்தை தெரிந்தால் காவலரே கன்னத்தைக் கிள்ளிவிட்டு அனுப்புகிறார்.

இந்த மடி மயக்கம்தான் எல்லாவற்றுக்கும் வேர். அம்மா பிடித்திருக்கிறாள், ஒன்றும் ஆகாது என்கிறோம். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி நிற்கும்போது, 10 கிலோ குழந்தை கிட்டத்தட்ட 300 கிலோ விசையோடு முன்னால் பாயும். 300 கிலோவைக் கையால் பிடிக்கிற தாய் எந்த ஊரிலும் இல்லை. நம் பக்கத்துக் கிணறுகளை வைத்தே சொல்கிறேன்: 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது தண்ணீரில்லாத 33 அடிக் கிணற்றில் விழுவதற்குச் சமம். 100 கிலோமீட்டர் என்றால் ஆழம் இரட்டிப்பாகாது, நான்கு மடங்காகும், 130 அடி. கொட்டாம்பட்டி நான்குவழிச் சாலையில் 100 என்பது யாரும் திரும்பிப் பார்க்காத வேகம். கிணற்று மேட்டில் பிள்ளையை நிற்கவிடாத பாட்டி, இந்தக் கிணற்று விளிம்பில் அதை மடியில் தூக்கி வைத்துக் கொண்டு கொலுசை ஆட்டிக் காட்டுகிறாள்.

முன்சீட்டு மடி என்றால் இன்னும் மோசம். ஏர்பேக் கண் இமைக்கும் நேரத்துக்குள் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் வெடித்து விரிகிறது. பெல்ட் போட்ட, வளர்ந்த ஆளின் மார்புக்குக் கணக்குப் பண்ணிச் செய்தது அது. 2025-ல் திருப்போரூர் அருகே, முன்சீட்டில் தந்தையின் மடியில் இருந்த ஏழு வயதுப் பையன் இறந்தான். முன்னால் போன காரில் இடித்தபோது ஏர்பேக் விரிந்தது. 2024-ல் மலப்புரத்தில் தாயின் மடியில் இருந்த இரண்டு வயதுக் குழந்தையும் இப்படித்தான் போனது. அதை அடுத்து, குழந்தை இருக்கை கட்டாயம், டிசம்பர் முதல் அபராதம் என்று கேரளப் போக்குவரத்து ஆணையர் அறிவித்தார். உடனே போக்குவரத்து அமைச்சர் கணேஷ்குமார், அப்படியெல்லாம் அபராதம் போட மாட்டோம், விழிப்புணர்வு செய்வோம் என்று சொல்லிவிட்டார். படிப்புக்குப் பேர்போன மாநிலம் இரண்டு நாள்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. விழிப்புணர்வு என்பது ஓட்டுப் போகாமல் இருப்பதற்கு அரசியல்வாதிகள் வைத்திருக்கும் பெயர்.

எதிர்வாதங்களைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. வெயில், கசகசப்பு என்பார்கள். ஏசி போட்ட காரில் உட்கார்ந்துதான் சொல்வார்கள். கண்மாயில் கார் கவிழ்ந்தால் பெல்ட் மாட்டிக் கொள்ளும் என்பது நம் வட்டாரத்தின் செல்ல வாதம். கவிழும்போது மண்டை அடிபட்டு மயங்கியவன் கதவைத் திறப்பானா, பெல்ட் பிடித்து நிறுத்தி நினைவோடு இருப்பவன் திறப்பானா? இருக்கை விலை அதிகம் என்கிறவர்களுக்குப் பதில் சொல்வதாகவே இல்லை. அலாய் வீலுக்கும் ஸ்பீக்கருக்கும் கொடுத்த காசில் அது எப்போதோ வந்திருக்கும்.

செய்ய வேண்டியது பெரிய வித்தையும் இல்லை. கைக்குழந்தையின் இருக்கை பின்சீட்டில், பின்புறம் பார்த்தபடி. தலை கனமாகவும் கழுத்து தளர்வாகவும் இருக்கிற வயதில் மோதலின் விசையை முதுகு முழுக்கத் தாங்க வேண்டும் என்பதால்தான் இந்தத் திசை. ஏர்பேக் உள்ள முன்சீட்டில் இதை ஒருபோதும் பொருத்தக் கூடாது. வளர்ந்த பிள்ளைக்கு முன்புறம் பார்த்த, தோளைப் பிணைக்கும் பட்டைகள் உள்ள இருக்கை. அப்புறம் உயரத்தைக் கூட்டும் பூஸ்டர். ஏனென்றால் பெரியவர் பெல்ட்டைச் சின்னப் பிள்ளைக்குப் போட்டால் மேல்பட்டை கழுத்தை அறுக்கும், கீழ்பட்டை இடுப்பெலும்பை விட்டு வயிற்றில் ஏறி அமுக்கும். கர்ப்பிணிக்குக் கீழ்பட்டை வயிற்றுக்குக் கீழே, தொடையோடு ஒட்டி. ஏற்கெனவே மோதிய காரில் இருந்த குழந்தை இருக்கையை அடுத்த வீட்டுக்குத் தானம் செய்யக் கூடாது. சரியாகப் பொருத்திய குழந்தை இருக்கை குழந்தைச் சாவுகளை 60 சதவீதமாவது குறைக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு தடுப்பூசி இந்தப் பலன் தருவதாக இருந்தால் கொட்டாம்பட்டி ஆரம்ப சுகாதார நிலையத்தில் வரிசை நின்றிருக்கும்.

ஆனால் இதைப் பெற்றோரின் நல்ல புத்திக்கு விட்டால் இன்னும் இருபது வருஷம் ஆனாலும் நடக்காது. இரு சக்கர வண்டி விற்கும்போது ஹெல்மெட்டும் சேர்த்துத் தர வேண்டும் என்று அதே விதி 138 சொல்கிறது. எழுபதாயிரம் ரூபாய் வண்டிக்கு ஹெல்மெட் தரச் சொல்லும் அரசு, பத்து லட்சம் ரூபாய் காருக்கு ஒரு குழந்தை இருக்கை தரச் சொல்ல ஏன் தயங்குகிறது? கார் கம்பெனிகளைப் பார்த்தால் பயம் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. ஆறு ஏர்பேக் கட்டாயம் என்று 2022-ல் முழங்கி, 2023-க்குத் தள்ளி, பிறகு கைவிட்டவர்கள்தானே இவர்கள்.

குழந்தை இருக்கை இல்லாமல் எந்தக் காரும் ஷோரூமை விட்டு வெளியே வரக் கூடாது. பின்சீட்டுக் கொக்கி சீட் கவருக்குள் புதைந்திருக்கும் வாடகைக் காருக்குத் தகுதிச் சான்று கொடுக்கக் கூடாது. அரசு ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளையை வீட்டில் கொண்டுவிடும் 102 தாய் சேய் ஊர்தி ஒவ்வொன்றிலும் சிசுவுக்கான இருக்கை இருக்க வேண்டும். பிள்ளையின் முதல் பயணமே மடியில் என்றால் பிறகு எந்தப் போலீஸும் எந்தச் சத்தமும் அதை மடியிலிருந்து இறக்காது. முதல் ஊர்தியை மேலூரிலோ கொட்டாம்பட்டியிலோ விடுங்கள். மதுரை மாவட்ட ஆட்சியர் மனது வைத்தால் இதற்குச் சட்டசபை கூட வேண்டியதில்லை.